முந்தானையில் விழுந்த அரிசி

பாடுவதற்காக வந்த ஒரு பெண்ணை, பசிக்குக் கையேந்த வந்தவர் என்று நான் ஊருக்குக் காட்டினேன். தெரியாமல் நடந்த பிழை அல்ல அது. அவரை அது என்ன செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தேதான் செய்தேன். அவர் இப்போது இல்லை. அவருடைய அண்ணனும் போன ஆண்டு காலமாகிவிட்டார். இனி யாரையும் இது கெடுக்காது என்று ஆன பிறகுதான் எழுதத் துணிகிறேன். அந்தத் தாமதத்தையும் என் பேரில்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எங்கள் காலத்து மெல்லிசைக் கச்சேரிகளைக் கேட்டவர்களுக்கு ‘ஆர்மோனிய அக்கா’ என்றால் போதும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே பாடுவார். பெரிய குரல் அல்ல. கீழே போகும்போது லேசாகக் கரகரக்கும். அந்தக் கரகரப்புக்காகவே, பெயர் பெற்ற பாடகிகளின் பாட்டை அவர் வாயால் கேட்க வந்தவர்கள் உண்டு.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாட்டு அல்ல. யாரிடமும் எதையும் சும்மா வாங்கிக்கொள்ளாத அவருடைய பிடிவாதம்தான்.

வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். என் மனைவி ஒருமுறை தூக்குச்சட்டியில் புளிக்குழம்பு கொடுத்தனுப்பினாள். மறுநாளே அது கறிவேப்பிலைப் பொடியோடு திரும்பி வந்தது. இதில் ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அக்கா பாத்திரத்தோடு நிற்கிறவர் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வருகிற பேருந்தில் ஒரு கண்டக்டர், கச்சேரிப் பைத்தியம், அவருக்கு மட்டும் சீட்டுக் கிழிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். அக்கா சண்டை போடவில்லை. மறுநாள் ஊசியும் மெழுகு தடவிய நூலும் கொண்டுவந்து, கண்டக்டரின் அறுந்து தொங்கிய தோல்பை வாரை, வண்டி குலுங்கக் குலுங்கத் தைத்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். அதற்கடுத்த நாளிலிருந்து, இவர் இன்னும் எதைத் தைப்பாரோ என்று பயந்து அந்த மனிதர் ஒழுங்காகச் சீட்டுக் கொடுத்தார்.

அக்கா பாடிய மெல்லிசைக் குழுவை நடத்தியவர் ஒரு கிட்டார்க்காரர். மில்லில் வேலை, வீட்டில் தெலுங்கு, வாயில் எப்போதும் கிண்டல். ஒத்திகையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அக்கா பையைத் திறந்து முறுக்கை எடுப்பதற்குள் சொல்லிவிடுவார்: “அக்காகிட்ட ஒரு தும்மல் குடுத்துப் பாருங்க. வீட்டுக்குப் போறதுக்குள்ள ரெண்டாத் திருப்பிருவாக.”

அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார். “நீ தும்மு தம்பி, பாப்போம்” என்பார்.

கைதட்டலைக்கூட அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஆடிப்பூரத்துக் கூட்டத்தில் ஒரு கச்சேரி. கடைசிப் பாட்டு முடிந்து வாத்தியங்களை உறையில் போடத் தொடங்கிய பிறகும் கீழே தட்டிக்கொண்டே இருந்தார்கள். மற்றவர்கள் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். ஒலிபெருக்கிக்காரர் மின்சாரத்தையும் பிடுங்கிவிட்டார். அக்கா மட்டும் மேடை விளிம்புக்கு வந்து, மைக் இல்லாமல், ஆர்மோனியம் இல்லாமல், இன்னும் ஒரு பாட்டு பாடினார். முன்வரிசைக்குத்தான் கேட்டிருக்கும். ஏன் அக்கா என்று கேட்டதற்கு, “இம்புட்டு பேரு குடுத்ததை வாங்கிட்டுச் சும்மா போனா, எனக்கு ராத்திரி படுத்தா தூக்கம் வராது சார்” என்றார்.

இதை ஒரு நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு பயம் என்று எனக்குத் தெரியவந்தது அந்த நிவாரணக் கச்சேரியின்போது.

தொடர்ந்து மழை பொய்த்திருந்தது. கிழக்கே கரிசல் பக்கத்து ஊர்களில் கண்மாய்களுக்குள் ஆடு மாடுகள் நடந்து போயின. பிறகு ஆடு மாடுகளும் இல்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள். இசைக்கலைஞர்கள் சம்பளம் வாங்காமல் பாடுவது. அதைத் தொலைக்காட்சியில் காட்டுவது. பார்க்கிறவர்களிடம் உதவி கேட்பது. எங்கள் பக்கம் தொலைக்காட்சிப் படம் தெளிவாக விழத் தொடங்கிய புதிது. அதில் நம் ஊர் வரப்போகிறது என்பதே பாதிப் பேருக்குப் பஞ்சத்தைவிடப் பெரிய செய்தியாக இருந்தது. நான் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். நாலு பேரிடம் பேசத் தெரிந்தவன் என்று என்னைச் செயலாளராகப் போட்டார்கள்.

மதுரையிலிருந்து வருகிற பாடகர்களே போதும், உள்ளூர் மெல்லிசையெல்லாம் தொலைக்காட்சிக்கு எடுபடாது என்று குழுவில் சொன்னார்கள். நான் விடவில்லை. அக்காவுக்கு ஒரு பாட்டாவது கொடுத்தே ஆகவேண்டும் என்று பேசி வாங்கினேன். அதைச் சொல்ல ஒத்திகை நடந்த பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அக்கா ஆர்மோனியத்தின் துருத்தியை மூடி வைத்தார்.

“அண்ணன் வீட்ல டிவி வாங்கிருக்காகளாம் சார்.”

அவருக்கு அண்ணன் இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் மகாராஜபுரத்தில் வயலும் தென்னந்தோப்பும் வைத்திருக்கிற குடும்பம். அக்கா, நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்த ஒருவரை வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த மனிதர் சில வருடங்களில் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று அண்ணன் வாசலில் நின்று சொன்ன சொல்லை அக்கா அன்று என்னிடம் சொன்னார்: “பாட்டுப்பெட்டிக்காரன் பின்னால போறியே, ஒருநா இல்ல ஒருநா ஊருக்கு முன்னால மடியேந்தி நிப்ப. அதை நான் எங்கண்ணால பாப்பேன்.”

மடியேந்துவது என்றால் முந்தானையை விரித்துப் பிச்சை வாங்குவது. சாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் மட்டும்தான் அதை வெட்கமில்லாமல் செய்யலாம்.

“அதுல இருந்து ஒருத்தர் கையில ஒண்ணும் சும்மா வாங்கினதில்ல சார். இப்ப அண்ணன் கண்ணால பாக்கட்டும், நான் பாடுறதை. பேரு போடுவாகள்லா?”

போடுவார்கள் என்று சொன்னேன். எந்தப் பாட்டு என்று கேட்டேன். இரண்டு மனதில் இருக்கிறது, மேடையில் ஏறிய பிறகுதான் முடிவு செய்வேன் என்றார். பிறகு, “இதுக்கு நான் உங்களுக்கு என்ன செய்யப் போறேனோ” என்றார். நான் சிரித்தேன்.

கச்சேரி நாளில், நிவாரணம் வாங்க வேண்டிய ஊர்க்காரர்களை லாரியில் அழைத்துவர ஏற்பாடு. நிகழ்ச்சியின் முடிவில் பெரிய மனிதர் ஒருவர் மேடையில் அவர்களுக்கு அரிசி வழங்குவார். அதைப் படம் பிடிப்பார்கள். லாரி வழியில் பழுதாகி நின்றுவிட்டது என்று பிற்பகலில் செய்தி வந்தது. அதன் பிறகு என் கால் அரங்கத்தில் நிற்கவில்லை. அக்கா பாடியபோதும் நான் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கைதட்டல் எழுந்தது கேட்டது, பாட்டு கேட்கவில்லை. என்ன பாடினார் என்று யாரிடமும் நான் விசாரிக்கவும் இல்லை.

பெரிய மனிதருக்கு அடுத்த ஊரில் வேறு விழா. தொலைக்காட்சிக்காரர்களும் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்ப வேண்டும் என்றார்கள். அந்தத் தயாரிப்பாளர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். “கொடுக்கிற காட்சி இல்லாம நிகழ்ச்சி எப்படி சார் முடியும்? யாராவது ஒருத்தரை நிக்க வைங்க. ஒரு நிமிஷம்தான்” என்றார். சுற்றிப் பார்த்தார். மேடைக்குப் பின்புறம் அக்கா நின்றிருந்தார். பாடி முடித்ததும், தம்மிடம் இருந்த ஒரே பட்டுப்புடவை வியர்வையில் கெட்டுவிடக் கூடாது என்று அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, பேருந்துக்காக ஒரு வெளுத்த நூல்சேலை கட்டியிருந்தார். ஒல்லி உடம்பு. கழுத்தில் ஒன்றும் கிடையாது.

“அந்தம்மா சரியா இருப்பாங்க” என்றார் தயாரிப்பாளர்.

அவர் பாடகி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என்னை நிற்க வையுங்கள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். நான் போய் அக்காவிடம் கேட்டேன்.

“நானா சார்?”

“ஒரு நிமிஷம்தான் அக்கா. முகம் தெரியாது. பின்னாலேர்ந்துதான் எடுப்பாங்க.”

பின்னாலிருந்து எடுப்பார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தார் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயம். ஆனால் சொன்னது வேறு.

“உங்களுக்கு நான் கடன் பட்டிருக்கேன்லா சார். சரி.”

அவரால் மறுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். இந்த ஊரில் அவர் திருப்பிக் கொடுக்காத கடன் ஒன்று என்னிடம்தான் இருந்தது. அதைத்தான் கேட்டு வாங்கினேன்.

பையாகக் கொடுத்தால் படத்தில் என்னவென்று தெரியாது, சேலையில் வாங்கச் சொல்லுங்கள் என்றார் தயாரிப்பாளர். அக்கா மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் முந்தானையை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். பெரிய மனிதர் படியால் அள்ளிப் போட்டார். காமிரா அக்காவுக்கு நேர் எதிரே நின்றிருந்தது.

விளக்குகளை அணைத்ததும் அக்கா அரிசியை மூட்டையிலேயே கொட்டினார். சேலை மடிப்பில் ஒட்டியிருந்ததையும் உதறிவிட்டு, என்னிடம் சொல்லிக்கொண்டுதான் பேருந்துக்குப் போனார். அப்புறம் லாரி வந்தது. உண்மையிலேயே பசித்த சனங்கள் இறங்கி வந்து அரிசி வாங்கிப் போனார்கள். அதை எடுக்கக் காமிரா இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது ஒளிபரப்பானது. அக்கா தெருவில் கம்பவுண்டர் வீட்டில் மட்டும்தான் டிவிப் பெட்டி உண்டு. தெருச்சனம் முழுவதையும் அக்காவே வரச்சொல்லியிருந்தார். சும்மா உட்காரக் கூடாது என்று கம்பவுண்டர் வீட்டுக்குச் சுண்டல் அவித்துக் கொண்டுபோனாராம். நான் என் வீட்டில் இருந்து பார்த்தேன். மதுரைப் பாடகர்கள் வந்தார்கள். நாகஸ்வரம் வந்தது. பெரிய மனிதரின் பேச்சு வந்தது. அக்காவின் பாட்டு வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, நேரம் போதாமல் வெட்டியிருந்தார்கள். கடைசியில் முகம் மட்டும் வந்தது. திரை நிறைய அந்த முகம். குனிந்த கண்கள், விரித்த முந்தானை, அதில் விழுகிற அரிசி. பின்னணியில் ஒரு கனத்த குரல் வறுமையைப் பற்றிப் பேசியது. பேர் போடவில்லை. வாங்குகிறவர்களுக்கு யார் பேர் போடுவார்கள்?

“இது நம்ம ஆர்மோனிய அக்கால்ல?” என்றாள் என் மனைவி. நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன்.

அது அன்றோடு முடியவில்லை. காட்சி உருக்கமாக அமைந்துவிட்டதால், நிதி கேட்கிற அறிவிப்புக்கு அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். உதவி நிறைய வந்தது. நிவாரணக் குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம்; கூடவே ஒரு பயம். இது நடிப்பு என்று வெளியே தெரிந்தால்? என்னை அனுப்பினார்கள். நான் அக்கா வீட்டுக்குப் போனது மன்னிப்புக் கேட்பதற்கு அல்ல, வாயைக் கட்டுவதற்கு.

நடையில் ஒரு அரிசி மூட்டை சாத்தி வைத்திருந்தது.

“அண்ணன் அனுப்பிச்சிருக்கு” என்றார் அக்கா. “வண்டிக்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி விடல. மூட்டை மட்டும்தான்.”

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். உண்மை தெரிந்தால் வருகிற உதவி நின்றுபோகும், அந்த ஊர்ச் சனங்கள்தான் பாவம் என்றேன். அப்படிப் பேச எனக்கு நன்றாக வரும்.

“நான் யார்கிட்ட சார் சொல்லப் போறேன்” என்றார். காப்பி போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் பல ஆண்டுகள் அவரைத் தவிர்த்தேன். அவர் பாடுகிற கல்யாணம் என்று தெரிந்தால் காலையிலேயே போய் மொய் எழுதிவிட்டு வந்துவிடுவேன். “டிவில அரிசி வாங்குச்சே, அந்தம்மா” என்று சனங்கள் பேசுவதாகக் கிட்டார்க்காரர் ஒருநாள் சொன்னார். அவர் கிண்டல் செய்வதை நிறுத்தியிருந்தார். அக்கா பாடும்போது முன்வரிசையில் சிலர் குசுகுசுப்பார்களாம். அக்கா கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆர்மோனியத்தைப் பார்த்தே பாடுகிறாராம். பிறகு கீபோர்டு வந்தது. மெல்லிசைக் குழு கலைந்தது. அக்காவுக்கு இளைப்பு நோய் என்று கேள்விப்பட்டேன்.

தொண்ணூறுகளில் நான் ஓய்வு பெற்றேன். அதே ஆண்டு என் மனைவி இறந்தாள். கடைசி நாட்களில் அவள் ஒருமுறை, “அந்த அக்காவை நீங்க போய்ப் பாக்கவே இல்லைல்ல” என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

முதலில் சென்னைக்குப் போய்த் தொலைக்காட்சி நிலையத்தில் அந்தப் பாட்டின் பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தால் எடுத்துவந்து அண்ணன் வீட்டில் போட்டுக் காட்டலாம் என்று எண்ணம். அந்தக் காலத்து நாடாக்களை அழித்து வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்திவிடுவார்கள் என்றார் அங்கிருந்த ஒருவர். வெட்டிய பகுதியை யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்றும் கேட்டார்.

பிறகு மகாராஜபுரம் போனேன். அண்ணன் தோப்பில் மட்டை அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தார். இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் யார், அன்று என்ன செய்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். குடிக்காத இளநீர் கையிலேயே இருந்தது.

“அப்ப அன்னைக்கு அவ பட்டினி இல்ல?”

“இல்லை.”

“பாட வந்தவ.”

“ஆமாம்.”

அவர் கையிலிருந்த மட்டையைக் கீழே போட்டார். “டிவியில அவளைப் பாத்த அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல சார். எம் வாயிதான் அவளை அப்பிடி நிப்பாட்டிருச்சுன்னு கெடந்து அழுதேன். அதுல இருந்து ஒவ்வொரு அறுப்புக்கும் மொத மூட்டை அவளுக்குத்தான். எங்க வீட்டுக்கு அதுக்குப் பொறவுதான். இப்ப வந்து நாடகம்ங்கீக.”

நாடகம் ஆடியது நான், உங்கள் தங்கை அல்ல என்றேன். அவர் காதில் அது ஏறவில்லை.

“ஒரு வார்த்தை சொல்லி விட்ருக்கலாம்லா? வாங்கி வாங்கி வச்சுக்கிட்டாள்ல” என்றார். மட்டைக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு நெஞ்சு லேசானது போல இருந்தது என்பதை இங்கே மறைக்கக் கூடாது. உண்மையைச் சொல்லிவிட்டேன், ஆறப்போட்டால் அண்ணனும் தங்கையும் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அக்காவிடம் போய்ச் சொல்ல அப்போதும் தைரியம் வரவில்லை. அறுவடை முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் போனேன்.

அக்கா பாதியாக இருந்தார். மூச்சு வாங்கியது. நடையில் மூட்டை இல்லை. நான் வாயைத் திறக்குமுன் அவரே கேட்டார்.

“அண்ணன்கிட்ட சொல்லிட்டீகளா சார்?”

ஆமாம் என்றேன்.

“அதான் வண்டி வரல.”

அந்த மூட்டையில்தான் அவர் சில ஆண்டுகளாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கச்சேரி இல்லை; துணி தைத்துப் பிழைக்க உடம்பு விடவில்லை; வேறு வழி ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் மூட்டை வந்தால் தெருவில் அரிசி இல்லாதவர்களுக்கு அளந்து கொடுத்துவிடுவாராம். பிறகு இல்லாதவர்களில் அவரும் ஒருவரானார். நான் கெடுக்கும்போது அவருக்குப் பசி இல்லை; சரிசெய்யப் போனபோதுதான் பசியைக் கொண்டுவந்தேன்.

“மொத மூட்டை வந்தப்போ திருப்பித்தான் அனுப்ப நெனச்சேன்” என்றார். கோபமில்லாமல், நடுநடுவே மூச்சுக்கு நின்று நின்று சொன்னார். “வாங்கினா பதிலுக்கு என்னத்தக் குடுக்க? எங்கிட்ட என்ன இருக்கு? பொறவு தோணுச்சு. அண்ணன் சொன்ன சொல்லு பலிச்சுருச்சுன்னு அது நெனச்சுக்கிடட்டும். தங்கச்சி நொந்து கெடக்கா, நாந்தான் தாங்குதேன்னு இருக்கட்டும். நான் வாயத் தொறக்காம இருந்தேன்லா, அதுதான் சார் நான் திருப்பிக் குடுத்தது. அறுப்புக்கு அறுப்பு அதைத்தான் குடுத்துக்கிட்டு இருந்தேன்.”

கொஞ்ச நேரம் இருமினார்.

“இப்பக் குடுக்க ஒண்ணுமில்லாமப் பண்ணிட்டீக.”

நான் அரிசி அனுப்புகிறேன், மாதாமாதம் அனுப்புகிறேன் என்றேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன்.

“உங்ககிட்ட வாங்கினா, மன்னிச்சேன்னு சொல்லணும் சார். அது இன்னும் வரல. வராததை எப்பிடிச் சொல்ல?”

என் கையால் ஒரு பிடி அரிசிகூட அந்த வீட்டுக்குள் போகாது என்று தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்த வழி இன்னும் ஒன்றுதான் இருந்தது. இரண்டாம் முறை மகாராஜபுரம் போனேன்.

இந்தமுறை அண்ணன் வீட்டிலேயே இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்: போனமுறை நான் சொன்னது பொய். உங்கள் தங்கை அன்று பாடவும் செய்தார், அரிசியும் வாங்கினார். வீட்டில் ஒன்றும் இல்லாமல் உண்மையாகவே வாங்கினார்.

“அப்ப எதுக்கு அம்புட்டு தூரம் வந்து பொய் சொன்னீக?” அவரே யோசித்தார். “அவ சொல்லி அனுப்பினாளா? மானத்துக்குப் பயந்து?”

“ஆமாம்” என்றேன். அந்தப் பழியையும் அக்கா தலையில்தான் வைத்தேன்.

கதவோரம் நின்றிருந்த அண்ணனின் மனைவி சொன்னார்: “நாந்தான் அப்பவே சொன்னேன்ல. அந்த மொகம் நடிச்ச மொகமாவா இருந்துச்சு?”

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். “பசிக்குன்னு சொல்றதுக்கு வெக்கப்பட்டிருக்கா, கழுதை” என்றார். அதே வாரம் மூட்டை போனது. வண்டியோடு அவரே போனார். கல்யாணமாகிப் போன தங்கையின் வீட்டு வாசலை அன்றுதான் முதன்முதலாக மிதித்தார். அக்கா உயிரோடிருந்த மிச்ச ஆண்டுகளில் மூட்டை தவறவில்லை. சாவுக்கும் அவர்தான் முன்னால் நின்றார். என் தங்கச்சி ஒரு காலத்தில் மடியேந்தி நின்றவள், கவனிக்காமல் இருந்துவிட்டேன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். நான் கூட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வந்துபோன பிறகு ஒரு மாலையில் அக்காவைக் கடைசியாகப் பார்க்கப் போனேன். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஆர்மோனியம் உறை போட்டு மூலையில் இருந்தது. நான் போய்ச் சொன்னது அவருக்குத் தெரிந்திருந்தது.

“மறுபடியும் மடியேந்த வச்சுட்டீகளே சார்” என்றார். “இந்தத் தடவை எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயே.”

சிரிக்கத்தான் செய்தார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். கிளம்பலாம் என்று எழுந்தபோது, “செத்த நேரம் இருங்க” என்றார்.

“அன்னைக்கு நான் பாடினேன்லா. டிவியிலதான் போடல. நீங்க அங்கனதான இருந்தீக, கேட்டீகல்லா? எப்பிடி இருந்துச்சு?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு அக்கா” என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பது போல வெகுநேரம் பார்த்தார். எந்தப் பாட்டு என்று மட்டும் அவர் என்னிடம் கேட்கவில்லை.